பில்டர் போட்ட இணைய வயர்: வேறு கம்பெனி உள்ளே வரக் கூடாதா?

பெரம்பூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் குடியிருப்பின் பெயரையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஐந்து மாடி, 64 வீடுகள் கொண்ட அடுக்ககம். இரண்டு வருடத்துக்கு முன் வங்கிக் கடன் போட்டு நான்காவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறார். சாவி கொடுக்கும்போதே எல்லா வீட்டுக்கும் இன்டர்நெட் வயர் இழுத்து, வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டிக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இணைப்பு தருவது ஒரே ஒரு நிறுவனம். மெயின்டனன்ஸ் பில்லில் மாதம் 350 ரூபாய் 'நெட் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி வருகிறது. பிளானுக்கான பணம் அதற்கு மேல். வாசகி வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறார், பெரும்பாலும் மாலை, இரவு நேரத்தில். மகன் பிளஸ் டூ. மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை நெட் இழுத்துக்கொண்டே இருக்கிறதாம். மழை பெய்தால் சுத்தமாகப் போய்விடுகிறது. புகார் கொடுத்தால், சரி செய்யாமலேயே 'டிக்கெட் முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருகிறது.

வேறு ஒரு நிறுவனத்தைக் கேட்டார். லைன்மேன் வந்தார், வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். சங்கச் செயலாளரைக் கேட்டால், "பில்டர் பத்து வருஷத்துக்கு அக்ரிமென்ட் போட்டிருக்கார் மேடம், வேற யாரையும் விட்டா நம்ம மேல கேஸ் வரும்" என்கிறார். வாசகியின் கணவர், மெயின்டனன்ஸைக் கட்டாமல் நிறுத்துவோம், பழைய வயரையும் அறுத்துவிடுவோம் என்கிறார். லைன்மேனோ, "யாரையும் கேக்க வேணாம்க்கா, தெரு கம்பத்துலேர்ந்து நேரா பால்கனிக்கு இழுத்துத் தரேன்" என்கிறார். 'என் வீட்டுக்கு எந்த கம்பெனி நெட் வேண்டும் என்று முடிவு செய்ய எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதுதானே? டிராயில் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புகார் செய்தால் ஒரு வாரத்தில் தீராதா?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கடிதத்தில் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. வயர் யாருடையது என்பது ஒன்று. அந்த வயர் வரும் வழி யாருடையது என்பது இன்னொன்று. மாதம் 350 ரூபாய் எதற்கு என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு, போய் நிற்க வேண்டிய இடமும் வேறு. உங்கள் தகராறின் முடிச்சு இரண்டாவதில்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட உங்கள் சங்கத்தின் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருவது வேகமாகப் பலன் தரும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், குற்றவாளி யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

வழக்கறிஞரான நான் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று தோன்றலாம். இந்த மாதிரி புகார்களில் பாதி, நுகர்வோர் மன்றத்தில் எதிர்த் தரப்பு கேட்கும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்: "வேகத்தை எப்படி அளந்தீர்கள்?" கைப்பேசியில், படுக்கையறையில், வைஃபையில் அளந்தேன் என்றால் அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ரவுட்டர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்பு வைஃபை சிக்னலைத் தடுக்கும். அதற்கப்புறம் இரண்டு சுவர் தாண்டி நீங்கள் வேலை செய்யும் அறை. மாலையில் 64 வீட்டு ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். அவற்றில் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான். ஆகவே லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் சொருகி, இரவு ஒன்பது மணிக்கு வேகத்தை அளந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கும் ஒருமுறை. சில நாட்கள் இப்படிச் செய்து, திரையைப் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால், ரவுட்டரைப் பெட்டியிலிருந்து வெளியே கொண்டுவந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் ரவுட்டர் அதே பெட்டியில்தான் உட்காரப்போகிறது என்றால் மாறி என்ன பயன்?

கேபிளிலும் மாலையில் இழுக்கிறது, காலையில் நன்றாக இருக்கிறது என்றால், பாதையில் நெரிசல். அது நிறுவனத்தின் பொறுப்பு.

அடுத்தது, பெட்டிக்குள் வருவது என்ன வயர் என்று பாருங்கள். மெல்லிய கண்ணாடி இழை, நுனியில் பச்சையோ நீலமோ சிறிய பிளாஸ்டிக் முனை இருந்தால் அது ஃபைபர். தொலைபேசி முனையைவிடக் கொஞ்சம் பெரிதாக, எட்டு ஊசி உள்ள முனை என்றால் அது செம்புக் கம்பி, அதாவது லேன் கேபிள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஃபைபர் என்றால், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி பொதுவாக இருக்காது. வழியில் இருப்பது ஸ்பிளிட்டர், ஒரு ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் சிறு பெட்டி. அதற்குக் கரண்ட் வேண்டாம். லேன் கேபிள் என்றால் மாடிக்கு மாடியோ தரைத்தளத்திலோ ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போய், அந்தப் பெட்டிக்கு ஜெனரேட்டர் லைனும் இல்லை என்றால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் வராது.

மழைக்கு நெட் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தரைத்தளங்கள் எத்தனை நாள் தண்ணீரில் நின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்ச் பெட்டியை மீட்டர் ரூமில் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தால், எந்த நிறுவனம் வந்தாலும் அடுத்த மழைக்கு இதே கதைதான். போய் ஒருமுறை பாருங்கள். இன்னொன்று, மாதவரத்திலிருந்து மூலக்கடை, செம்பியம், பெரம்பூர் வழியாக மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. இப்படித் தோண்டுகிற இடங்களில் நிலத்தடிக் கேபிள் அறுபடுவது புதிதல்ல. அது உங்கள் நிறுவனத்தின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அறுந்ததைச் சேர்க்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் குற்றம்தான்.

"பத்து வருஷ அக்ரிமென்ட்" உங்களைக் கட்டுமா?

ஒப்பந்தம் என்பது அதில் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் கட்டும். இது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. பில்டரும் அந்த நிறுவனமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் நீங்கள் இல்லை. சங்கம் பின்னால் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, உங்கள் கிரயப் பத்திரத்திலோ கட்டுமான ஒப்பந்தத்திலோ 'பில்டர் ஏற்பாடு செய்யும் இணைய சேவையை மட்டுமே பயன்படுத்துவேன்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தாலோதான் செயலாளர் சொல்வதில் ஓரளவு பலம் இருக்கிறது. அந்த இரண்டு பத்திரங்களையும் எடுத்துப் படியுங்கள். கடைசியில் இருக்கும் 'பொது வசதிகள்' பகுதியையும் விடாதீர்கள், இப்படிப்பட்ட வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அப்புறம், அந்த ஒப்பந்தத்தை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா? செயலாளரிடம் எழுத்து மூலமாக நகல் கேளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, அதாவது நாம் ரெரா என்று சொல்வது, அதன் 17ஆம் பிரிவின்படி பொதுப் பகுதிகளைச் சங்கத்துக்கு மாற்றிக் கொடுப்பதும், அவற்றுக்கான வரைபடங்களையும் ஆவணங்களையும் ஒப்படைப்பதும் பில்டரின் கடமை. ஷாஃப்டும் (வயரும் குழாயும் மாடிக்கு மாடி ஏறும் செங்குத்துப் பாதை) மாடிப்படியும் மொட்டைமாடியும் பொதுப் பகுதிகள். அவை சங்கத்துக்கு வந்துவிட்ட பிறகு, அங்கே யார் வயர் போடலாம் என்று சொல்ல வேண்டியது சங்கம்தான், பில்டர் அல்ல.

நகல் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: வேறு நிறுவனம் வரவே கூடாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, அல்லது 'வயர் போட அனுமதி தரப்படுகிறது' என்று மட்டும் இருக்கிறதா? பல இடங்களில் இரண்டாவதுதான் இருக்கும். 'பத்து வருஷம்' என்பது அந்த நிறுவனம் தன் கருவிகளை அங்கே வைத்துக்கொள்ளும் காலமாக இருக்கும். அடுத்தவர் வரக் கூடாது என்பதை வாய்வழியாக யாரோ சேர்த்திருப்பார்கள்.

பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் இவ்வளவு என்று பில்டருக்கோ சங்கத்துக்கோ ஒரு பங்கு போகிறதா? போகிறது என்றால், அது சங்கத்தின் வரவு செலவில் காட்டப்பட்டிருக்கிறதா? சங்கத்து ஆட்களை நான் குற்றம் சொல்லவில்லை. சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறவர்கள் அவர்கள். ஆனால் வேறு நிறுவனத்தை விட முடியாது என்று அடம்பிடிக்கும் இடங்களில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டதும் குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இருக்கும் உரிமை, இல்லாத உரிமை

இங்கேதான் உங்களை ஒரு இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் சேவையை வாங்குவது என்பது உங்கள் விருப்பம், சரி. ஆனால் அந்த நிறுவனத்தின் வயர் தெருவிலிருந்து நான்காவது மாடிக்கு வருவதற்கு 64 பேருக்கும் சொந்தமான சுவரையும் ஷாஃப்டையும் கடக்க வேண்டும். அதற்கு உங்கள் ஒருவரின் சம்மதம் போதாது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி, தனியார் சொத்தில் வயர் போட விரும்பும் நிறுவனம், அந்தச் சொத்தை வைத்திருப்பவரிடமோ நிர்வகிப்பவரிடமோ விண்ணப்பித்து, ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மறுத்தால், பொதுநலன் கருதித் தேவை என்று மத்திய அரசு நினைத்தால் தலையிட வழி இருக்கிறது. அது ஒரு அடுக்ககத்தின் ஒரு வீட்டுக்காக உடனே இறங்கி வரும் வழியல்ல. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பி உட்கார வேண்டாம்.

அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு இன்னொன்றைச் சொல்கிறது. ஒரு நிறுவனம் போட்ட வலையமைப்பு, அது இருக்கும் சொத்திலிருந்து தனி. அதாவது உங்கள் சுவருக்குள் ஓடுகிறது என்பதாலேயே அந்த நிறுவனத்தின் வயர் உங்களுடையது ஆகாது. பில்டர் தன் செலவில் போட்டு வீட்டு விலையோடு சேர்த்து விற்றிருந்தால் கதை வேறு. அப்போது அது உங்களுடையது அல்லது சங்கத்துடையது. யார் பணத்தில் போடப்பட்டது என்பதற்கும் அந்த ஒப்பந்த நகல்தான் பதில்.

ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: வயரில் கத்தரிக்கோல் வைக்க வேண்டாம். நிறுவனத்தின் வயரை அனுமதியில்லாமல் சேதப்படுத்தினால் நஷ்டஈடு, அபராதம் வரை போகும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது ஒரு கத்தரிக்கோலால் எதிரியிடம் நியாயத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். சேவை வேண்டாம் என்றால் எழுத்து மூலமாக நிறுத்தச் சொல்லுங்கள், அவர்கள் கருவியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், வயர் அப்படியே கிடக்கட்டும்.

சட்டத்தின் போக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டடங்களுக்குள் ஒரே நிறுவனம் ஏகபோகமாக உட்காரக் கூடாது, எல்லா நிறுவனங்களுக்கும் பாகுபாடில்லாமல் வழி விட வேண்டும் என்று டிராய் 2017 ஜனவரியிலேயே அரசுக்குப் பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில், கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் ஒழுங்குமுறையும் கொண்டுவந்தது. பரிந்துரை என்பது சட்டமல்ல. தரமதிப்பீட்டு முறையால் நாளைக்கே உங்கள் கேட் திறக்கப்போவதுமில்லை. ஆனால் பொதுக்குழுவில் எழுந்து பேசும்போது இவை கையில் இருந்தால், 'நம்ம மேல கேஸ் வரும்' என்ற பயத்துக்குப் பதில் சொல்ல உதவும்.

350 ரூபாயும் மெயின்டனன்ஸும்

மெயின்டனன்ஸை நிறுத்தாதீர்கள். இது உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் பொறி. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. நிலுவை வைத்தவருக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை என்று பல சங்கங்களின் பைலாவில், அதாவது சங்க விதிகளில், இருக்கும். நீங்கள் ஜெயிக்க வேண்டிய இடமே பொதுக்குழு. அங்கே ஓட்டில்லாமல் போய் என்ன செய்வீர்கள்?

முழுத் தொகையையும் கட்டுங்கள். கூடவே, '350 ரூபாய் நெட் சார்ஜை ஆட்சேபத்துடன் கட்டுகிறேன். இது எந்தத் தீர்மானத்தின்படி, எந்தச் செலவுக்காக வசூலிக்கப்படுகிறது என்று விளக்கம் தரவும்' என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். பொது இடத்தில் சிசிடிவிக்கும் கேட் இன்டர்காமுக்கும் ஆகும் இணையச் செலவு என்று பதில் வந்தால், 64 வீட்டுக்கு 350 வீதம் மாதம் 22,400 ரூபாய். சில கேமராக்களுக்கு அவ்வளவா என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியதில்லை, உங்கள் மாடிக்காரர்களே கேட்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தரும் அடிப்படை இணைப்பு என்று பதில் வந்தால், எடுக்காத வீட்டுக்கு ஏன் என்ற கேள்வி வரும். இரண்டில் எதுவானாலும் நல்லது. ஆள் சேர்வார்கள்.

பால்கனி வழி வயர்

லைன்மேன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பக்கம் நெருக்கமான தெருக்களில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவித்தான் பாதி இணைப்புகள் ஓடுகின்றன. ஆனால் உங்கள் நிலைமைக்கு அது சரிவராது. அனுமதியில்லாமல் தெருவிளக்குக் கம்பத்திலும் ஈ.பி. கம்பத்திலும் கட்டிய கேபிள்களை மாநகராட்சியும் மின்வாரியமும் அறுத்துப் போடுவது உண்டு. அன்றைக்கு உங்கள் ஷிஃப்ட் பாதியில் நிற்கும். கம்பத்துக் கேபிள் அறுந்து தெருவில் ஒருவர் மேல் விழுந்தால் பொறுப்பு யாருக்கு என்பது இன்னொரு வழக்கு. வெளிச்சுவரும் பொதுச் சுவர்தான், ஆகவே சங்கம் அதையும் ஆட்சேபிக்கலாம். பில் இல்லாமல், உங்கள் அடையாள ஆவணம் வாங்காமல், 'கையில் காசு கொடுங்க' என்று யாராவது இணைப்பு கொடுத்தால் ஏற்காதீர்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் போட்ட பில் இல்லாத இணைப்புக்கு நாளை எந்த மன்றத்திலும் புகாரை நிரூபிப்பது கஷ்டம்.

வேலை தடைபடக் கூடாது என்றால் இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி அலைவழி வீட்டு இணையம் தருகிறார்கள், ஏர்ஃபைபர் என்ற பெயரில். ஷாஃப்ட் வேண்டாம், வயர் வேண்டாம், சங்க அனுமதிக்கும் பெரும்பாலும் வேலையில்லை. ஆனால் வெளிப்பக்கக் கருவி மாட்டுவதானால் உங்கள் பால்கனிக்குள்ளேயே மாட்டச் சொல்லுங்கள், பொதுச் சுவரிலோ மொட்டைமாடியிலோ வேண்டாம். ஃபைபர் அளவுக்கு நிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாலை நேரத்தில் அந்த டவரிலும் கூட்டம் இருக்கும். ஆகவே ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டும் சலுகையில் விழாமல் குறைந்த காலத்துக்கு எடுத்து, உங்கள் அலுவலக விபிஎன் (அலுவலகத்தோடு இணைக்கும் பாதுகாப்பான வழி) ஓடுகிறதா என்று ஷிஃப்ட் நேரத்திலேயே பாருங்கள்.

டிராய், மன்றம், ரெரா: எது எதற்கு?

டிராய் தனிநபர் புகாரை எடுத்து விசாரிக்கும் அமைப்பு அல்ல. விதி போடுவதும் கண்காணிப்பதும்தான் அதன் வேலை. ஒரு வாரத்தில் தீரும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஆனால் அது 2012இல் போட்ட குறைதீர் ஒழுங்குமுறை உங்களுக்குப் பயன்படும். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். தீர்க்கவில்லை, அல்லது தீர்க்காமலேயே மூடிவிட்டார்கள் என்றால், 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'டிக்கெட் முடிக்கப்பட்டது' குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்களுக்கு சென்னை வடக்கு. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேல் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வோடஃபோன் ஐடியா வழக்கில் முடியும் என்று தீர்ப்பளித்துவிட்டது என்று சொல்லுங்கள். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மன்றக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இணைய வழியிலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. என் தொழிலுக்கே நஷ்டம் வரும்படி பேசுகிறேன், ஆனாலும் உண்மை அதுதான்.

ஒன்றை மனதில் வையுங்கள். அந்த ஆணையம் மோசமான சேவைக்கு நஷ்டஈடு வாங்கித் தரும், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும். 'வேறு நிறுவனத்தை உள்ளே விடு' என்று உங்கள் சங்கத்துக்குக் கட்டளையிட அது வசதியான இடமல்ல. அது சங்கத்துக்குள் தீர வேண்டியது. முடியாவிட்டால் சிவில் நீதிமன்றம். வருடக்கணக்கில் இழுக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களோடு முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விளம்பரத்திலோ ஒப்பந்தத்திலோ 'விருப்பமான இணைய சேவை' என்று பில்டர் எழுதியிருந்தால் மட்டும் ரெரா உதவும். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை, ஒப்பந்தத்தில் சொன்ன சேவைகளில் குறை இருந்தால் கட்டணமில்லாமல் 30 நாட்களுக்குள் சரிசெய்யும் பொறுப்பு 14ஆம் பிரிவின்படி பில்டருக்கு உண்டு. உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. பழைய விளம்பரத் தாளைத் தேடி எடுங்கள்.

பொதுக்குழுவுக்கு என்ன கொண்டுபோவது

வாட்ஸ்அப் குழுவில் 40 பேர் கட்டைவிரல் தூக்குவது தீர்மானம் ஆகாது. உங்கள் பைலாவில் சிறப்புப் பொதுக்குழு கூட்ட எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று பாருங்கள், அத்தனை கையெழுத்தோடு எழுத்து மூலமாகக் கோருங்கள். உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், ஆன்லைன் வகுப்புப் பிள்ளைகள் உள்ளவர்கள் எத்தனை வீடு என்று முன்பே பேசி வையுங்கள். 'இந்த கம்பெனியைத் துரத்துவோம்' என்று கேட்காதீர்கள். அவர்களிடம் திருப்தியாக இருக்கும் வீடுகளும் இருக்கும், அவை உங்களுக்கு எதிராகப் போகும். 'மற்ற கம்பெனிகளுக்கும் கதவு திறந்திருக்கட்டும்' என்று கேளுங்கள்.

தீர்மானம் இப்படி இருக்கலாம்: 'உரிமம் பெற்ற எந்த இணைய சேவை நிறுவனமும், உறுப்பினர் கோரிக்கையின் பேரில், சங்கத்தின் எழுத்து அனுமதியுடன் தொலைத்தொடர்பு ஷாஃப்ட் வழியாக வயர் போடலாம். எந்த நிறுவனத்துக்கும் தனியுரிமை கிடையாது. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே நிபந்தனை, ஒரே வைப்புத்தொகை. நிறுவனங்களிடமிருந்து வரும் பணம் எதுவானாலும் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் வரவு வைக்கப்படும்.'

கமிட்டிக்காரர்களின் பயம் பாதி நியாயமானது, அதையும் தீர்மானத்திலேயே தீர்த்துவிடுங்கள். நாலு நிறுவனம் வந்தால் ஷாஃப்ட் முழுக்க நூல்கண்டு மாதிரி வயர் தொங்கும், கண்ட இடத்தில் துளை போடுவார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. வயரெல்லாம் குழாய்க்குள் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் நிறுவனப் பெயரும் வீட்டு எண்ணும் ஒட்ட வேண்டும், மாடிக்கு ஏறும் மின்சார வயர்களோடு கலக்கக் கூடாது, மாடிக்கு மாடி போட்ட துளையைத் தீத்தடுப்புக் கலவையால் அடைக்க வேண்டும் என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது அழகுக்காக அல்ல. அடைக்காத ஷாஃப்ட் துளை வழியாகத்தான் தீப்பிடித்தால் புகை மேல்மாடிக்கு ஏறும். நீங்கள் நான்காவது மாடி. லைன்மேன் அடையாள அட்டை காட்டி கேட்டில் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பதையும் சேர்த்தால் வாட்ச்மேன் பிரச்சினையும் முடிந்தது.

செலவைக் குறைக்கும் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: வீட்டுக்கு வரும் ஃபைபரில் எத்தனை இழை? பல கட்டடங்களில் இரண்டு இழை உள்ள வயரைப் போட்டு ஒன்றை மட்டும் பயன்படுத்துவார்கள். அந்த வயர் பில்டர் பணத்தில் போடப்பட்டது என்றால், சும்மா கிடக்கும் இழையில் புதிய நிறுவனம் இணைப்புக் கொடுத்துவிடலாம். சுவரை உடைக்க வேண்டாம், புது வயரும் வேண்டாம். லேன் கேபிள் என்றால் எட்டுக் கம்பியும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று லைன்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு மட்டும் இணைத்திருந்தால் 100 எம்பிக்கு மேல் அந்த வயரில் போகாது, 300 எம்பி பிளானுக்குப் பணம் கட்டினாலும்.

புதிய ஃபைபர் இணைப்பு வந்த அன்று, லைன்மேன் கிளம்புவதற்கு முன், வயரில் வந்து சேரும் ஒளி அளவு எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். மீட்டரில் காட்டுவார். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) வரை என்றால் பரவாயில்லை. மைனஸ் 27 தொட்டால் முனையைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அந்த அளவில் விட்டுப் போனால், வயர் சின்னதாக வளைந்தாலும் இணைப்பு போய், கருவியில் சிவப்பு விளக்கு எரியும். ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்தால் கரண்ட் போனாலும் ஷிஃப்ட் தொடரும்.

பழைய இணைப்பைப் புதியது ஓரிரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகே நிறுத்துங்கள். ஒப்பந்த நகல் கிடைத்ததும் அதையும், உங்கள் கிரயப் பத்திரத்தின் பொது வசதிகள் பக்கத்தையும் எனக்கு அனுப்பி வைத்தால், சங்கத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வரைவைத் தயார் செய்து தருகிறேன்.